ஓர் எதிரொலி போதாது

கணேசமூர்த்திக்கு வாய் அடங்காது என்பது ஊசிமலைத் தோட்டத்து நாய்களுக்குக்கூடத் தெரியும். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்துக்கு, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பிந்தி வந்தால், "ஐயா வீட்ல இன்னும் விடியலீங்களா?" என்று கேட்கிற ஆள் அவன். அப்படிப்பட்டவனை வாயை மூடிக்கொண்டு வரச்சொல்லி ஹட்டனுக்குக் கூட்டிப் போனால் நடக்கிற காரியமா? ஆனாலும் அவன் மனைவி காளியாயி, டயகமவில் பஸ் ஏறியதிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இந்தா பாருங்க. அந்த ஐயா என்ன கேட்டாலும் 'ஆமாங்க'. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம். மூணு புள்ளைங்க இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"நான் என்னமோ அந்தாள அடிக்கப் போற மாதிரில்ல பேசுற?"

"அடிச்சாக்கூடப் பரவாயில்லங்க. நீங்க பேசுவீங்க."

பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த அவள் தம்பி சின்னராசா சிரித்தான். அவனுக்கும் அன்றைக்குத்தான் விசாரணை. அவனுக்கும் மூன்று பிள்ளைகள். ஆனால் அவனுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை, அவன் எதையும் பேசுகிறவன் இல்லை.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனங்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டு, வேண்டுமானால் பிரஜாவுரிமைக்கு மனுப் போடுங்கள், பார்க்கலாம் என்று சட்டம் சொல்லியிருந்தது. யுத்தம் முடிகிற வரைக்கும் இத்தனை வருஷம், நடுவில் அறாமல் இந்த நாட்டிலேயே இருந்தேன் என்று காகிதத்தோடு காட்ட வேண்டும். கொடுமையைப் பாருங்கள். இந்த மலையை வெட்டித் தேயிலை நட்டவன் பேரன், நான் இந்த மலையில்தான் இருந்தேன் என்று, மலைக்கு நேற்று மாற்றலாகி வந்தவரிடம் நிரூபிக்க வேண்டும்.

கணேசமூர்த்தியின் காகிதம் சுத்தமாக இருந்தது. ஆட்களின் பேரும் நாளும் எழுதுகிற தோட்டத்துச் செக்றோலில் முப்பதாம் வருஷத்திலிருந்து அவன் பேர் விடாமல் இருந்தது. அதில் மூன்றரை வருஷம் பொய் என்பதுதான் விஷயம். நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். அடுத்த வாரமே அங்கே பட்டாளத்து வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த கணேசமூர்த்தி, இருபத்தாறு வயதுத் திமிரில் கிளம்பிவிட்டான். காளியாயி அப்போது நிறைமாதம். செக்றோலில் பேர் அறுந்தால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். பெரிய கங்காணி ஒரு வழி சொன்னார். தோட்டங்களில் அது எல்லாரும் செய்கிறதுதான். கொத்மலைத் தோட்டமொன்றில் வேலை செய்துகொண்டிருந்த சின்னராசா, அங்கே பேரை வெட்டிவிட்டு வந்து, மச்சான் பேரிலேயே ஊசிமலையில் பெரட்டுக்கு நின்றான். துரைக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். முகத்தை எந்தத் துரை பார்த்தான்?

நாற்பத்தைந்து கடைசியில் கணேசமூர்த்தி திரும்பி வந்து தன் பேரை எடுத்துக்கொண்டான். சின்னராசா அதே தோட்டத்தில் சொந்தப் பேரில் பதிந்துகொண்டான். பத்து வருஷமாக இது ஒரு வேடிக்கைக் கதையாகவே வீட்டில் கிடந்தது. மனுப் போட்ட பிறகுதான், அந்த வேடிக்கையில் ஒருவன் கழுத்து அறுபடப் போகிறது என்று மூவருக்கும் உறைத்தது.

விசாரணை நடந்த கட்டடத்தில் அறைக்கும் நடைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். உள்ளே பேசுவது வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. முதலில் கூப்பிட்டது சின்னராசாவை.

"கொத்மலையில் உன் பேர் நாற்பத்திரண்டில் வெட்டியிருக்கிறது. ஊசிமலையில் நாற்பத்தைந்தில் வருகிறது. நடுவில் எங்கே இருந்தாய்?" அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் மஃறூப் தமிழில் கேட்டார். மஃறூப் ஹட்டன் ஆள், கடைவீதியில் எல்லாருக்கும் பழக்கமானவர்.

"இங்கதாங்க இருந்தேன்."

"இங்கே என்றால்? எந்தத் தோட்டம்?"

சின்னராசா இருமினான்.

"இந்தியாவுக்குப் போனாயா?"

"இல்லீங்க."

"பின்னே எங்கே?"

மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் சின்னராசா 'இங்கதாங்க' என்றதுதான் கேட்டது. ஊசிமலையில் மச்சான் பேரில் நின்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான், மச்சான் மாட்டியிருப்பான். அவன் சொல்லவில்லை. உள்ளே பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்தவன் சிரிக்க முயன்றான். "முடிஞ்சிருச்சுக்கா. மச்சான், உங்கள கூப்புடுறாங்க, போங்க. காகிதம் நல்லாருக்கு, பயப்படாதீங்க."

கணேசமூர்த்தி காளியாயியைப் பார்த்தான். வழியெல்லாம் புத்தி சொன்னவள் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் தாலி கட்டியவனும் பிள்ளைகளும். எந்தப் பக்கம் பேசுவாள் பாவம்? "என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே அதிகாரி உற்சாகமாக இருந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, ஒழுங்கான மனிதர். மேசையில் செக்றோல் புத்தகங்களும், பிள்ளைகள் பிறந்த பதிவுக்காகக் கொண்டுவந்த தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகமும் அடுக்கியிருந்தன. இப்படி ஒழுங்கான செக்றோலை இந்த வாரத்தில் நான் பார்க்கவில்லை என்று பாராட்டினார். பக்கத்தில் இரண்டு ரப்பர் முத்திரைகள் கிடந்தன.

"நாற்பத்திரண்டு முதல் நாற்பத்தைந்து வரை தொடர்ந்து ஊசிமலையில் வேலை செய்திருக்கிறீர்கள், சரிதானே?"

ஒரு 'ஆமாங்க'. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சொன்னால் தனக்கு நாடு, காளியாயிக்கு நாடு, பிள்ளைகளுக்கு நாடு. தன் பேரைச் சுமந்து வேலை செய்தவனுக்கு மட்டும் ராமேஸ்வரத்துக் கப்பல். கணேசமூர்த்திக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சீ, இதற்கா மூன்றரை வருஷம் உப்புத் தண்ணீரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தேன் என்று தோன்றியது.

"இல்லீங்க" என்றான்.

மஃறூப் அதை மொழிபெயர்க்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் இன்னும் ஐயாவுக்குச் சொல்லல."

"சொல்லிருங்க பாய். அந்த மூணரை வருசம் நான் தோட்டத்துல இல்ல. என் பேர்ல நின்னு வேல செஞ்சது, இப்ப வெளிய போனானே, அவன். நான் திருகோணமலையில கப்பல்ல இருந்தேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "கப்பலில் என்ன? மூட்டை தூக்கினாயா?" 'நீங்கள்' போய்விட்டதை மஃறூப் மறைக்காமல் அப்படியே தமிழாக்கினார்.

"மொதல்ல மண்ணுதாங்க சுமந்தேன். ஒரு நா சின்னக் கப்பல் ஒண்ணுல நெலக்கரி எறக்கப் போனப்ப, அது எஞ்சின்ல ஒரு பேரிங் தேஞ்சிருக்குன்னு சத்தத்த வச்சுச் சொன்னேன். தொறந்து பாத்தாங்க, சரியா இருந்துச்சு. அந்த லெப்டினன்ட் தொரை என் காத ரெண்டையும் புடிச்சுப் பாத்துட்டு, என்னயக் கொண்டுபோய் ஆஸ்டிக் பெட்டிக்கு முன்னால உக்கார வச்சுட்டான். தண்ணிக்குள்ள நீர்மூழ்கி இருக்கான்னு கேக்குற பெட்டி."

அதிகாரி சிரித்தார். வெறும் சிரிப்பு இல்லை, மஃறூப்பையும் சேர்ந்து சிரிக்கச் சொல்கிற சிரிப்பு. மஃறூப் சிரிக்கவில்லை.

"அப்படியானால் சொல். எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

கேட்டது கேலிக்கு. ஆனால் கணேசமூர்த்தியிடம் கேட்டுவிட்டாரே! அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பெட்டி தண்ணிக்குள்ள டிங்குன்னு ஒரு சத்தத்த விடும். எதுல பட்டாலும் திரும்பி வரும். திரும்பி வந்துருச்சுன்னா கீழ ஏதோ இருக்கு, அவ்வளவுதான். என்ன இருக்குன்னு அதுல தெரியாது. பாறையும் திருப்பும், மீன் கூட்டமும் திருப்பும், முழுகிக் கெடக்குற பழைய கப்பலும் திருப்பும். இன்னதுன்னு பிரிக்கிறதுதாங்க வேல."

"பிரிப்பது எப்படி?"

"மொதல்ல கெட்டி பாக்கணும். இரும்புல பட்டா வெடுக்குன்னு வரும், மீன் கூட்டம்னா கொழகொழன்னு வரும். அப்புறம் சுருதி. நம்மள நோக்கி வர்றதுல பட்டா கொஞ்சம் ஏறி வரும், வெலகிப் போறதுல பட்டா எறங்கி வரும், சும்மா கெடக்குறது ஏறவும் ஏறாது எறங்கவும் எறங்காது. அப்புறம் பெட்டிய இப்புடியும் அப்புடியும் திருப்பி, எவ்வளவு அகலத்துக்குச் சத்தம் வருதுன்னு அளக்கணும். கடைசியா டிங்க நிறுத்திட்டு மூச்சக் கூட விடாமக் கேக்கணும். நீர்மூழ்கின்னா அடியில விசிறி சுத்துறது கேக்கும், எத்தன சுத்துன்னு எண்ணலாம். இம்புட்டும் பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கணும். மூணே பதில்தான். நீர்மூழ்கி. இல்ல. சந்தேகம்."

மஃறூப்புக்கு வியர்த்திருந்தது. 'கொழகொழ'வுக்கு ஆங்கிலம் தேடிக் களைத்திருந்தார்.

"ஒரு தடவ கெட்டியாத்தான் வந்துச்சு" என்று கணேசமூர்த்தி தொடர்ந்தான். "சுருதியும் ஏறுது. லெப்டினன்ட் தொரைக்குக் கை துறுதுறுங்குது. 'நீர்மூழ்கின்னு சொல்லு'ங்கிறான். விசிறிச் சத்தம் இல்லீங்க சார், சந்தேகம்னேன். 'உன்ன யாருடா கேட்டா'ன்னு குண்டப் போட்டுட்டான். மெதந்து வந்தது திமிங்கிலம். பக்கத்துலயே ஒரு குட்டி. கடல் செவந்து போச்சு. அன்னைக்கு ராத்திரி அந்தாளு சோறு திங்கல. அதுக்கப்புறம் என்னயக் கேக்காம ஒரு குண்டும் போட்டதில்ல."

"இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறாய்?"

"ஏன்னா நீங்களும் அதத்தான் செய்யுறீங்க!" கணேசமூர்த்தியின் குரல் உயர்ந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். "அவன் பேரு செக்றோல்ல இல்ல. அது ஒரே ஒரு எதிரொலி. கெட்டி பாத்தீங்களா? சுருதி பாத்தீங்களா? ஒண்ணும் பாக்கல. இந்தியான்னு போட்டுட்டீங்க. என் பேரு செக்றோல்ல இருக்கு, அதுவும் ஒரே ஒரு எதிரொலி, என்னய நல்லவன்னுட்டீங்க. ரெண்டும் தப்பு. மொழம் மொழமா புத்தகத்த அடுக்கி வச்சுட்டு ஒண்ணத்தத்தான் படிக்கிறீங்க. அந்த டிஸ்பென்சரிப் புத்தகத்தப் பொரட்டுங்க. நாப்பத்திமூணு ஆவணி. தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுன காலம்."

அதிகாரிக்குக் காது சிவந்துவிட்டது. வெளியே போ என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஒழுங்கான மனிதர் என்று சொன்னேனே, புத்தகம் இருக்கும்போது அதைப் பார்க்காமல் விட அவரால் முடியவில்லை. புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. கணேசமூர்த்தி, ஆண், கவ்வாத்துக் கத்தி பட்டு இடது கை மோதிர விரலின் மேல்கணு எடுக்கப்பட்டது. கீழே மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரின் ஒப்பம்.

கணேசமூர்த்தி தன் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தான். பத்து விரலும் முழுசாக இருந்தன.

"அவனக் கூப்புடுங்க" என்றான்.

சின்னராசா உள்ளே வந்தான். "மச்சான், என்னத்துக்கு மச்சான் இப்புடி..." என்று முனகினான். மஃறூப்பே அவன் இடது கையைப் பிடித்து மேசை மேல் வைத்தார். மோதிர விரல் பாதியில் நின்றது.

அதிகாரி விரலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், செக்றோலில் அந்த மாதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு நாள் கணேசமூர்த்திக்கு வேலை போடாமல் விட்டிருந்தது. பிறகு சின்னராசாவின் கோப்பைத் திறந்து, எழுதியதை வெட்டி, புதிதாக எழுதினார். "இவர் நாட்டில்தான் இருந்திருக்கிறார்" என்றார்.

சின்னராசா அழுதுவிட்டான். முப்பது வயது ஆள், கைக்குட்டைகூட இல்லாமல் தலைத்துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதான்.

"இப்போது உன் கதை" என்று அதிகாரி கணேசமூர்த்தி பக்கம் திரும்பினார். குரலில் வெற்றி தெரிந்தது. "நீ தோட்டத்தில் இல்லை என்று நீயே நிரூபித்துவிட்டாய். கப்பலில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி?"

"கூலி லிஸ்டுலதாங்க என்னய வச்சிருந்தாங்க. அந்த தொரை ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தான். லயத்துக் கூரை ஒழுகி அது கூழாப் போச்சு."

"கப்பல்?"

"ஒடச்சு வித்துட்டாங்களாம்."

"ஆக ஒன்றும் இல்லை." அதிகாரி வேகமாக எழுதினார். எழுதி முடித்து, காகிதத்தைத் திருப்பி, பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போடு. இல்லாவிட்டால் பெருவிரல்."

கணேசமூர்த்தி பேனாவை வாங்கவில்லை. காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்து எழுத்தாகப் படித்தான். கப்பலில் வருஷக்கணக்காகக் குறிப்பு எழுதியவனுக்கு அவ்வளவு ஆங்கிலம் போதும். கடைசி வரியில், அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்தார் என்று எழுதியிருந்தது.

"யாரு சொன்னா இந்தியான்னு? நான் சொன்னேனா?"

"தோட்டத்தில் இல்லையென்றால் வேறெங்கே?"

"எங்கேன்னு அரமணி நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்ல! நம்பலைன்னா நம்பலைன்னு எழுதுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. எங்கப்பன் பொறந்தது ஊசிமல, நான் பொறந்தது ஊசிமல. நான் இந்தியாவப் பாத்ததே இல்ல. பாக்காத ஊருல இருந்தேன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாவிட்டால் கோப்பு நகராது."

"அப்ப நகத்திருவோம்" என்று சொல்லி, கணேசமூர்த்தி பேனாவைப் பிடுங்கி, 'இந்தியா' என்ற வார்த்தையின் மேல் இரண்டு கோடு அழுத்திக் கிழித்தான். அதற்கு மேலே, கொட்டை கொட்டையான ஆங்கில எழுத்தில், திருகோணமலைக் கடல் என்று எழுதினான். அடியில் தமிழில் முழுப் பேரையும் கையெழுத்தாகப் போட்டான். அதிகாரி நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டார்.

"என்ன துணிச்சல்! இதற்காகவே உன் மனுவைத் தள்ள முடியும், தெரியுமா?"

"தள்ளுங்க ஐயா. ஆனா நான் எங்க இருந்தேன்னு படிச்சிட்டுத் தள்ளுங்க."

மஃறூப் இதை மொழிபெயர்க்கும்போது அவர் குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

அன்றைக்கு மாலை பஸ்ஸில் காளியாயி அவன் பக்கத்தில் உட்காரவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், பிறகு எழுந்து வந்து புருஷனைத் திட்டினாள், திரும்பவும் தம்பியிடம் போய் அழுதாள். அவள் தம்பியைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதனையும், அவள் பிள்ளைகளை நடுத்தெருவில் விட்ட மனிதனையும் ஒரே ஆளாகப் பார்க்க அவளால் முடியவில்லை. கணேசமூர்த்தி அவள் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டான்.

நாலு மாதம் கழித்து இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. சின்னராசாவை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கணேசமூர்த்தியைத் தள்ளியிருந்தார்கள். மூன்று மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று அடியில் இருந்தது. அவன் லயத்து வாசலில் நின்று அதை வாய்விட்டுப் படித்தான். படிக்கப் படிக்க, இத்தனை நாள் முறுக்கிக்கொண்டிருந்த அவன் முகமும் விழுந்துபோனது. என்ன பேசி என்ன, கடைசியில் பிள்ளைகளை விற்றுவிட்டேனே என்று நினைத்தான்.

கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டிருந்த காளியாயி கேட்டாள்: "என்ன காரணம் போட்டிருக்கு? அதச் சரியாப் படிங்க."

"இந்த மூணரை வருசமும் மனுதாரர் இந்த நாட்டுல இல்லயாம். ஏன்னா, அவரு சொன்னபடியே, திருகோணமலைக் கடல்ல கப்பல்ல இருந்தாராம்."

"இந்தியான்னு இல்லியே?"

"இல்ல. எங்கயும் இல்ல. திருகோணமலைன்னுதான் டைப் அடிச்சிருக்கு."

காளியாயி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பெரட்டுக் கொம்பு ஊதிக்கொண்டிருந்தது, அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. இடுப்பில் கையை ஊன்றி, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"அப்ப திருகோணமல எந்த நாட்டுல இருக்காம்? அதக் கேளுங்க அவங்கள!"

பக்கத்து வாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கணேசமூர்த்தி மனைவியை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு உள்ளே போய், பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அப்பீலுக்கு முதல் வரியாக அந்தக் கேள்வியை எழுதினான்.